அடியைப் புரட்டிப் பாருங்கள்: அமெரிக்க எஸ்டேட் சேல்களில் பழைய வீட்டுப் பொருள் தேடுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏப்ரலில் பனி விலகியதும் ஒஹாயோவின் தெருமுனைக் கம்பங்களில் அட்டைகள் முளைக்கத் தொடங்கிவிடும். ஓர் அம்புக்குறி, ஒரு தெருப் பெயர், "சனி காலை 8 மணி" என்ற மூன்றும் கையெழுத்தில் இருந்தால் அது யார்டு சேல். அச்சடித்த பலகையாக இருந்தால் பெரும்பாலும் எஸ்டேட் சேல். கொலம்பஸ் நகருக்குக் குடிவந்த புதிதில் இவற்றைக் கவனிக்காமல் கடந்து போய்க்கொண்டிருந்த நான், வீட்டில் நல்ல தோசைக்கல் இல்லாத குறையால் ஒரு சனிக்கிழமை வண்டியை ஓரங்கட்டினேன். அந்த வீட்டின் நிலவறையில், தச்சு மேசைக்கு அடியில், துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு வைத்திருந்த ஒரு வட்ட இரும்புக்கல் கிடந்தது. ஆணிகளைக் கொட்டிவிட்டுக் கல்லைப் புரட்டினேன். கரிப்படலத்துக்கு அடியில் ஏதோ எழுத்துகள் விரலில் நெருடின. ஈரத்துணியால் துடைத்ததும் "எரீ" என்ற ஊர்ப்பெயர் தெரிந்தது. எட்டு டாலர் கொடுத்து வாங்கிய அந்தக் கல்லில்தான் இன்றுவரை எங்கள் வீட்டில் தோசை வார்க்கிறோம்.

இந்தத் தேட்டத்தில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு என்றாலும், பொருளின் அடிப்பக்கத்தில் உள்ள குறிகளைப் படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாடே பெரியது. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அடிப்பக்கத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

முதல் படி: எந்த விற்பனைக்குப் போவது

யார்டு சேல், கராஜ் சேல், மூவிங் சேல் ஆகிய மூன்றிலும் வீட்டுக்காரர் தமக்கு வேண்டாதவற்றைத் தாமே வாசலில் பரப்பி விற்கிறார். பிள்ளைகளுக்குச் சிறியதாகிப்போன உடைகள், பிளாஸ்டிக் பொம்மைகள், ஒருமுறை பயன்படுத்திய உடற்பயிற்சி எந்திரம் ஆகியவையே அங்கு மிகுதி. எஸ்டேட் சேல் வேறு வகை. வீட்டின் மூத்தவர் காலமான பிறகோ, முதியோர் இல்லத்துக்குப் போன பிறகோ, வீட்டில் உள்ள அனைத்தையும் விற்றுத்தரும் பொறுப்பை ஒரு நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. விற்ற தொகையில் ஒரு பங்கு அதற்குக் கமிஷன். பழைய சமையல் பாத்திரம், கண்ணாடி, தையல் எந்திரம், மரச்சாமான் தேடுபவர் எஸ்டேட் சேலுக்கே முதலிடம் தர வேண்டும், ஏனெனில் அங்கே விற்கப்படுவது யாரோ ஐம்பது ஆண்டுகள் அன்றாடம் கையாண்ட பொருள்.

தேவாலயங்கள் நடத்தும் ரம்மேஜ் சேல் எனும் பழம்பொருள் விற்பனைகளையும் விட்டுவிட வேண்டாம். அங்கே விலை குறிப்பவர்கள் தன்னார்வலர்கள் என்பதால் விலை மலிவாகவே இருக்கும். பயணம் செய்ய விரும்புபவர்களுக்கு ஆகஸ்டின் முதல் வியாழன் தொடங்கி ஞாயிறுவரை நடக்கும் 127-ஆம் நெடுஞ்சாலை விற்பனை உண்டு. 1987-இல் தொடங்கிய இது, மிஷிகனின் அடிசனிலிருந்து அலபாமாவின் கேட்ஸ்டன் வரை ஏறத்தாழ 690 மைல் நீள்கிறது. ஒஹாயோவின் மேற்கு ஓரம் வழியாகவும் செல்கிறது. அதை முழுவதும் சுற்றிப் பார்க்க முயல்வது வீண். முப்பது, நாற்பது மைலைத் தேர்ந்துகொண்டு நிதானமாகப் பார்ப்பதே நல்லது.

இரண்டாம் படி: புதன்கிழமையே தொடங்கும் வீட்டுப்பாடம்

எஸ்டேட் சேல் நடத்துபவர்கள் சில நாள்களுக்கு முன்பே படங்களை இணையத்தில் வெளியிடுவார்கள். எஸ்டேட்சேல்ஸ்.நெட் என்ற தளத்தில் அஞ்சல் குறியீட்டை இட்டால் அந்த வார இறுதியில் சுற்றுவட்டாரத்தில் நடக்கும் விற்பனைகள் வரிசையாக வரும். அந்தப் படங்களைப் பார்க்கும்போது நடுவில் இருக்கும் பொருளை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். நாற்காலியைக் காட்ட எடுத்த படத்தின் பின்னணியில், அலமாரியின் மேல்தட்டில், வண்ணக் கிண்ணங்கள் அடுக்கி இருக்கலாம். நிலவறை, கராஜ், சலவை அறை ஆகியவற்றின் படங்கள் எத்தனை இருக்கின்றன என்பதும் முக்கியம். வரவேற்பறையை மட்டும் பத்துக் கோணங்களில் எடுத்துப் போட்டிருந்தால் நான் பெரும்பாலும் போவதில்லை.

வீடு கட்டிய காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 1950-களிலும் 1960-களிலும் எழுந்த குடியிருப்புகளில், முதலில் குடிவந்தவரே கடைசிவரை இருந்த வீடு என்றால் அவருடைய கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள்கூட அப்படியே இருக்கும்.

கையோடு எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகம் இல்லை: சிறு காந்தம், டார்ச், புற ஊதாக் கைவிளக்கு, அளவுநாடா, ஈரத்துணி, பழைய துண்டுகள், இரண்டு அட்டைப்பெட்டிகள், ஒன்றும் ஐந்துமாகச் சில்லறை டாலர் நோட்டுகள். பேப்பர் சுற்றித் தருவார்கள் என்று நம்பிப் போய், மடியில் கண்ணாடிக் கிண்ணங்களை வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் உண்டு.

மூன்றாம் படி: வரிசையும் வீட்டுக்குள் நடக்கும் முறையும்

நல்ல எஸ்டேட் சேலுக்கு விடியும் முன்பே ஆட்கள் வந்துவிடுவார்கள். சில நிறுவனங்கள் எண் அச்சிட்ட சீட்டுத் தருகின்றன. சில இடங்களில் முதலில் வந்தவர் ஒரு தாளைக் கதவில் ஒட்டி, வருபவர்கள் பெயர் எழுதிக்கொள்வார்கள். எந்த முறை என்பதை விளம்பரத்திலேயே படித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் தவறான வரிசையில் நிற்க நேரிடும். யார்டு சேலில் இதற்கு நேர்மாறான கட்டுப்பாடு உண்டு: "ஏர்லி பேர்ட்ஸ் கூடாது" என்று எழுதியிருந்தால் குறித்த நேரத்துக்கு முன் கதவைத் தட்டுவது பண்பாகாது.

கதவு திறந்ததும் கூட்டம் வரவேற்பறைக்கும் நகைப் பெட்டிக்கும் பாயும். நீங்கள் நேரே சமையலறைக்கும் அங்கிருந்து நிலவறைக்கும் செல்லுங்கள். மனத்துக்குப் பிடித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு பிறகு யோசியுங்கள். கீழே வைத்துவிட்டால் அது அடுத்தவருடையது. பெரிய பொருளாக இருந்தால் பணியாளரிடம் சொல்லி "விற்கப்பட்டது" என்று சீட்டு ஒட்டச் சொல்லலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் நடமாடுவது ஒருவருடைய வீடு. காசாளர் மேசையில் இருப்பவர் இறந்தவரின் மகளாக இருக்கலாம். "இந்தக் குப்பைக்கா இவ்வளவு விலை" என்று தமிழில் சொன்னாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காம் படி: அடிப்பக்கத்தைப் படித்தல்

வார்ப்பிரும்பிலிருந்து தொடங்குகிறேன், தமிழ்க் குடும்பங்களுக்கு இதுவே உடனடிப் பயன் தருவது. பென்சில்வேனியாவின் எரீ நகரில் 1865-இல் தொடங்கிய கிரிஸ்வோல்டு நிறுவனம் 1957-இல் மூடப்பட்டது. அதன் கற்களின் அடியில் வட்டத்துக்குள் சிலுவை வடிவும் "எரீ" என்ற பெயரும் காணப்படும். ஒஹாயோவின் சிட்னி நகரில் 1891-இல் தொடங்கிய வாக்னர் அதற்கு இணையானது. டென்னசியின் லாட்ஜ் 1896 முதல் இன்றும் வார்த்துக்கொண்டிருக்கிறது. பழைய கற்களின் சிறப்பு அவற்றின் சமையல் பரப்பு கடைந்து வழவழப்பாக்கப்பட்டிருப்பதும், இன்றைய கற்களைவிட எடை குறைவாக இருப்பதும்தான். உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் புதிய கல்லில் மணல் போன்ற நெருடல் தெரியும். பழையதில் கை வழுக்கிச் செல்லும். பெயரே இல்லாமல், அடியில் தழும்பு போல நீண்ட கோடு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு வார்ப்பு.

தோசைக்கு ஸ்கில்லெட் எனப்படும் ஆழமான சட்டியை வாங்காதீர்கள். கரண்டி விளிம்பில் இடிக்கும், தோசையைத் திருப்ப முடியாது. கிரிடில் என்ற பெயரில் விற்கும், கைப்பிடி உள்ள, விளிம்பு தாழ்ந்த வட்டக்கல்லே நமக்கு உரியது. இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு: டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள் ஆப்பிள்ஸ்கிவர் என்ற இனிப்புருண்டை சுட்ட ஏழு குழிச் சட்டி, நம் குழிப்பணியாரச் சட்டியேதான். கிரிஸ்வோல்டின் 32-ஆம் எண் இந்த வகை. விற்பவருக்கு அதன் பயன் தெரியாமல் "முட்டைச் சட்டி" என்று சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

துரு, கரி இரண்டுக்கும் அஞ்ச வேண்டியதில்லை, இரண்டும் போகும். அஞ்ச வேண்டியவை மூன்று. ஒன்று விரிசல்: கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். சந்தையில் மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போலத்தான். மணியோசை வந்தால் நல்லது, மொத்தென்று ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கிறது. இரண்டாவது நெளிவு: சமதளத்தில் வைத்து விளிம்பின் எதிரெதிர்ப் பக்கங்களை அழுத்துங்கள். நான் வாங்கிய இரண்டாவது கல்லை இப்படிச் சோதிக்காமல் வாங்கி வந்து, கண்ணாடி அடுப்பில் வைத்தபோது அது பம்பரம் போலச் சுழன்றது. மூன்றாவது, நெருப்பில் காய்ந்துபோன இரும்பு: துருவைப் போலன்றி, தேய்த்தாலும் போகாத செம்மை படிந்திருக்கும், அதில் எண்ணெய் பிடிக்காது.

பழைய சட்டிகளில் தூண்டில் குண்டும் துப்பாக்கிக் குண்டும் வார்க்கக் காரீயம் உருக்கியவர்களும் உண்டு. கவனிக்கவும், நம் வீட்டு ஈயச்சொம்பு வெள்ளீயம். இங்கே பேசுவது நஞ்சான காரீயம். உட்புறத்தில் சாம்பல் நிறப் பளபளப்புத் திட்டு தெரிந்தால், அல்லது வெடிமருந்துப் பொருள்களோடு அந்தச் சட்டி கிடந்தால், விட்டுவிடுவதே சரி.

கண்ணாடிக்கு வருவோம். கார்னிங் கிளாஸ் ஒர்க்ஸ் 1915-இல் பைரெக்ஸ் என்ற வெப்பம் தாங்கும் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம் என்ற நான்கு நிறங்களில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கலவைக் கிண்ணங்கள் 1940-களின் நடுவில் வந்தவை. அடியில் உள்ள எண்ணைப் பாருங்கள்: பெரிய மஞ்சள் 404, பச்சை 403, சிவப்பு 402, சிறிய நீலம் 401. எண்ணும் நிறமும் பொருந்தாவிட்டால் அது வேறு தொகுப்பிலிருந்து வந்து சேர்ந்தது என்று பொருள். பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போட்டுப் போட்டு மங்கிய நிறத்தை மீட்க வழியே இல்லை. ஆகவே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, விளிம்பைச் சுற்றி நகத்தால் வருடி, உடைசல் இருக்கிறதா என்று அறிந்த பிறகே காசு கொடுங்கள்.

நீல மலர் வரைந்த வெள்ளைக் கார்னிங்வேர் 1958 முதல் 1988 வரை தயாரானது; அமெரிக்காவில் அது இல்லாத பழைய சமையலறை அரிது. அது ஆயிரக்கணக்கான டாலர் பெறும் என்ற செய்தி அவ்வப்போது பரவுகிறது. யாரோ இணையத்தில் கேட்கும் விலை அது. விற்றுமுடிந்த விலைகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். ஆயினும் அடுப்பிலும் வைக்கலாம், ‘அவன்’ எனும் மூடிய சூட்டடுப்பிலும் வைக்கலாம் என்பதால் ஐந்து, பத்து டாலருக்குக் கிடைத்தால் நான் தயங்குவதில்லை.

கொலம்பஸுக்குத் தென்கிழக்கே லங்காஸ்டரில் உள்ள ஆங்கர் ஹாக்கிங் நிறுவனத்தின் ஃபயர்-கிங் பாத்திரங்களில் பச்சை ஜேடைட் வகைக்கு மதிப்பு அதிகம், போலிகளும் அதிகம். புற ஊதா விளக்கைக் கொண்டுவரச் சொன்னது வேறொன்றுக்காக: 1930-களின் பச்சை, மஞ்சள் கண்ணாடிகள் சிலவற்றில் யுரேனியம் கலந்திருப்பதால் அந்த ஒளியில் பச்சையாக மின்னும். அலமாரியில் வைத்துப் பார்க்க அழகு; அதில் ஊறுகாய் போட்டு வைக்க வேண்டாம்.

வெள்ளியில் ஏமாறுபவர்களே மிகுதி. "ஸ்டெர்லிங்" அல்லது 925 என்று இருந்தால் அது வெள்ளி. "1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்" என்று கரண்டியின் பின்புறம் இருப்பதைக் கண்டு நூற்றெழுபது ஆண்டுப் பழைய வெள்ளி என்று மகிழாதீர்கள். அது வணிகப் பெயரின் ஒரு பகுதி, பொருளோ முலாம் பூசியது. "இ.பி.என்.எஸ்." என்பதும் முலாமே. மெழுகுவர்த்தித் தண்டின் அடியில் "வெயிட்டட்" என்றிருந்தால் வெள்ளித் தகடு மெல்லியது, உள்ளே நிரப்பியது வேறு பொருள். எடையைக் கணக்கிட்டு விலை கொடுத்துவிடக் கூடாது.

பீங்கானின் அடியில் உள்ள நாட்டுப்பெயர் ஒரு காலண்டரைப் போன்றது. 1891 முதல் அமெரிக்காவுக்குள் இறக்குமதியாகும் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானியப் பொருள்கள் "நிப்பான்" என்று வந்தன. 1921-இல் அது "ஜப்பான்" ஆயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைகள் அங்கிருந்த காலத்தில், 1952 வரை, "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது" என்ற பொருள்படும் குறி பலவற்றில் இடப்பட்டது. ஆக, தேநீர்க் கோப்பையின் அடியில் உள்ள ஒரே சொல்லை வைத்து அதன் காலத்தை ஏறத்தாழக் கணித்துவிடலாம். "இந்தியா" என்று பொறித்த பித்தளைச் சாமான்களும் ஏராளமாக வரும். பெரும்பாலும் ஏற்றுமதிக்கென்று செய்த அலங்காரப் பொருள்கள் அவை. நாம் எதிர்பார்க்கும் கனத்த குத்துவிளக்கு எனக்கு இதுவரை ஒருமுறைதான் கிடைத்தது.

மரச்சாமானில் இழுப்பறையை வெளியே உருவி, அதன் மூலையையும் அடியையும் பாருங்கள். புறா வால் போன்ற பொருத்துகள் சற்றே அளவு மாறி இருந்தால் கைவேலை, அச்சில் வார்த்ததுபோல் ஒரே சீராக இருந்தால் எந்திரவேலை. நட்சத்திரத் தலை கொண்ட ஃபிலிப்ஸ் திருகாணி 1930-களுக்குப் பிறகே பரவியது. 1880-ஆம் ஆண்டு மேசை என்று சொல்லப்படுவதில் அது மூலத் திருகாணியாகவே இருந்தால், சொல்பவர் தவறாகச் சொல்கிறார்.

சிங்கர் தையல் எந்திரங்களில் 1933-இல் வந்த 221 எனும் ஃபெதர்வெயிட், ஐந்து கிலோ எடைதான். அதன் அடித்தகட்டில் இரண்டு எழுத்துகளோடு தொடங்கும் வரிசை எண்ணைக் கொண்டு தயாரான ஆண்டை அறியலாம். பாபின் கேஸ் எனும் அடிநூல் உருளையின் கூடு உள்ளே இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதைத் தனியே வாங்கினால் விலை வலிக்கும். கிச்சன்எய்டு மிக்ஸரில் அதை முன்பு தயாரித்த "ஹோபார்ட்" நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது 1986-க்கு முந்தையது, உழைப்பது. ஆனால் இவை எல்லாம் 120 வோல்ட்டுக்கானவை. ஊரில் அம்மாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: எவற்றை விட்டு விலகுவது

பெயின்ட் உரியும் பழைய தொட்டில், பொம்மை, நாற்காலி வேண்டாம். வீட்டுப் பெயின்டில் காரீயம் சேர்ப்பது அமெரிக்காவில் 1978-இல்தான் தடை செய்யப்பட்டது. பக்கச் சட்டம் இறங்கும் தொட்டில்கள் 2011 முதல் விற்பனைக்கே தடை செய்யப்பட்டவை. பூ வரைந்த பழைய கோரெல் தட்டுகளில் 2005-க்கு முந்தையவற்றை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளும்படி அந்த நிறுவனமே அறிவுறுத்துகிறது. சிவப்பு நிற பழைய ஃபியஸ்டா தட்டுகளின் மெருகில் யுரேனியம் உண்டு. தந்தக் கைப்பிடி உள்ளவற்றைத் தொடவே வேண்டாம், சட்டச் சிக்கல். மெத்தை, சோபா வாங்கும் எண்ணம் இருந்தால் தையலோரங்களில் டார்ச் அடித்து மூட்டைப்பூச்சி பாருங்கள். நான் துணி உறையிட்ட எதையும் வாங்குவதில்லை.

ஆறாம் படி: விலை பேசுதல்

யார்டு சேலில் பேரம் இயல்பு. ஆனால் மூன்று டாலர் பொருளை ஒரு டாலருக்குக் கேட்பதைவிட, நான்கைந்து பொருள்களைச் சேர்த்து வைத்து மொத்தமாக ஒரு தொகை சொல்வது இரு தரப்புக்கும் எளிது. எஸ்டேட் சேலில் முதல் நாள் பேரம் பெரும்பாலும் செல்லாது. இரண்டாம் நாளோ கடைசி நாளோ பாதி விலை என்று அறிவிப்பார்கள். கடைசி நாள்வரை காத்திருப்பது எப்போது சரி என்றால், பொருள் பெரியதாகவும் தூக்கிச் செல்லக் கடினமாகவும் இருக்கும்போது. இரும்புக்கல்லும் வண்ணக் கிண்ணமும் முதல் அரைமணி நேரத்தில் போய்விடும். சில இடங்களில் ஏலப்பெட்டி வைத்திருப்பார்கள். உங்கள் விலையையும் தொலைபேசி எண்ணையும் எழுதிப் போட்டால், விற்காமல் மிஞ்சினால் கூப்பிடுவார்கள்.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

கண்ணாடியை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கையால் கழுவினால் போதும். எந்திரத்தின் மின்கம்பி உறை வெடித்திருந்தால் மாற்றும்வரை சுவரில் செருகாதீர்கள்.

இரும்புக்கல்லின் கரியை அகற்ற, காரம் கலந்த அவன் கிளீனரைத் தெளித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு நாள் வைத்து, கையுறையோடு தேய்த்துக் கழுவுங்கள். பிடிவாதமான கரிக்கு இன்னொரு முறை வேண்டியிருக்கும். துரு இருந்தால் வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து அரைமணி நேரம் மட்டும் ஊறவையுங்கள், அதற்குமேல் விட்டால் இரும்பையே அரித்துவிடும். கழுவிய உடனே அடுப்பில் சூடேற்றி ஈரத்தைப் போக்குங்கள். பிறகு எண்ணெய் தடவி, தடவியதே தவறு என்பதுபோல முழுவதையும் துடைத்தெடுத்து, அவனில் தலைகீழாகக் கவிழ்த்து 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். எண்ணெய் அதிகமானால் பிசுக்காக நிற்கும். மூன்று, நான்கு முறை இப்படிச் செய்தால் கறுமை ஏறும்.

ஆனாலும் கல் உடனே பழகிவிடாது. முதல் நாள் தோசைக்கு முன் நல்லெண்ணெயில் வெங்காயத்தை முக்கி நன்றாகத் தேய்த்துவிட்டு வார்த்தேன். முதல் தோசை ஒட்டிக்கொண்டது, இரண்டாவது கிழிந்தது, ஐந்தாவதுதான் முழுதாக எழும்பி வந்தது.